"இது நாங்க போட்ட குப்பையா, டீச்சர்?"



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளுக்குச் சுற்றாடல் பற்றிச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் கடைசி வரை வாசித்தால் சந்தோசம்.

ஜூன் 5 உலக சுற்றாடல் தினம். ஒவ்வொரு வருடமும் பாடசாலையில் சித்திரப் போட்டி நடக்கும். நடுவராக இருந்து இருந்து எனக்கு அந்தப் படம் மனப்பாடமாகிவிட்டது. நீலக் கடல், அழுகின்ற ஆமை, கரையில் வெள்ளைச் சீருடையில் ஒரு பையன், அவன் கையிலிருந்து பறந்து போகும் ஒரு போத்தல். பத்துப் படத்தில் எட்டுப் படம் இப்படித்தான். குற்றவாளி எப்போதும் ஒரு சிறுவன். அதை வரைகிறவனும் ஒரு சிறுவன். பல வருடங்களாக நான் இதைக் கவனிக்கவேயில்லை. அந்தப் படங்களுக்குப் பரிசும் கொடுத்திருக்கிறேன்.

என்னைக் கவனிக்க வைத்தது ஒரு வட்ஸ்அப் செய்தி.

2021 மே மாதக் கடைசி. கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, நாடெங்கும் பயணக் கட்டுப்பாடு. வகுப்புகள் எல்லாம் கைபேசியில். அப்போது தரம் 8இல் படித்த ஒரு பிள்ளை குழுவில் ஒரு படம் போட்டான். உள்ளங்கை நிறைய வெள்ளை மணிகள். பார்க்கச் சவ்வரிசி மாதிரி. கூடவே ஒரு குரல் பதிவு: "டீச்சர், கரையெல்லாம் இதுதான் கிடக்குது. இது நாங்க போட்ட குப்பையா?"

அவனுடைய வாப்பா மீன் வியாபாரி. நீர்கொழும்புப் பக்கம் கடல் தொழில் நிறுத்தப்பட்டிருந்தது. பிடித்த மீனையும் வாங்க ஆளில்லை. கப்பல் எரிந்த கடலின் மீனைச் சாப்பிடலாமா என்று ஊரெல்லாம் பயம். அந்த வீட்டிலிருந்துதான் இந்தக் கேள்வி வந்தது.

"அதைத் தொட வேண்டாம், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க" என்று முதலில் சொன்னேன். அது சரியான பதில். அதன் பிறகு சொன்னதுதான் பிழை. "சுற்றாடல் மாசடைய நாங்க எல்லாரும்தான் பொறுப்பு, மகன்" என்றேன். நல்லதொரு பதில் சொன்னதாகவே அன்றைக்கு நினைத்தேன்.

இரவு யோசித்துப் பார்த்தால் வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டது ஒரு வரலாற்றுக் கேள்வி. இது எங்கிருந்து வந்தது, யாருடையது, எப்படி இங்கே வந்தது என்று கேட்டிருக்கிறான். நான் அதற்கு ஓர் உபதேசத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நான் விஞ்ஞானம் படிப்பிப்பவள் அல்ல. என் பாடம் வரலாறு. ஒரு மூலாதாரத்தைக் கையில் எடுத்தால் இது யாருடையது, எந்தக் காலத்தது, ஏன் இங்கே கிடக்கிறது என்று கேட்க வேண்டும் எனக் கல்வியியற் கல்லூரியில் படித்தவள். மாந்தையில் கிடைத்த சீனப் பாத்திர ஓட்டுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கிறோம். அநுராதபுரத்துக் காசுக்குக் கேட்கிறோம். எங்கள் கரையில் கிடந்த வெள்ளை மணிக்கு நான் கேட்கவில்லை.

அதன் பிறகு தேடி வாசித்தேன். பாடசாலை திறந்த பிறகு வருடத்தில் சில பாடவேளைகளை இதற்காக ஒதுக்கி வருகிறேன். கடல் பிளாஸ்டிக் பற்றி மனிதன் எப்படி அறிந்துகொண்டான் என்ற வரலாறு. வகுப்பில் சொல்லும் ஒழுங்கிலேயே இங்கே சொல்கிறேன்.

முதல் மூலாதாரம் ஒரு கப்பல் பதிவேடு.

அலிஸ்டர் ஹார்டி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1920களில் ஒரு கருவி செய்தார். கப்பலின் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்லும் பெட்டி அது. சிறிய துவாரத்தால் கடல் நீர் உள்ளே போகும். உள்ளே பட்டுத் துணி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நீரிலுள்ள நுண்ணுயிர்களான பிளாங்டன்கள் அந்தப் பட்டில் படியும். 1931 முதல் சாதாரண வணிகக் கப்பல்கள் இதை இழுத்துச் சென்றன. மீனுக்கு உணவு எங்கே இருக்கிறது என்று அறிவதுதான் நோக்கம். பிளாஸ்டிக் யாருடைய நினைவிலும் இல்லை. பொலித்தீன் என்ற பொருளே 1933இல்தான், அதுவும் தற்செயலாக, இங்கிலாந்தின் ஒரு ஆய்வுகூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

கருவி எதிலாவது சிக்கி நின்றால் என்ன சிக்கியது என்று பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதி வைப்பார்கள். 2019இல் கிளெயார் ஓஸ்ட்ல் என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் அந்தப் பழைய பதிவேடுகளைத் திரும்ப வாசித்தார்கள். 1957இல் மீன்பிடிக் கயிறு சிக்கியதாக ஒரு குறிப்பு இருந்தது. 1965இல் அயர்லாந்துக் கடலோரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. கடலில் பிளாஸ்டிக் கிடந்ததற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பதிவுகளில் இவையும் அடங்கும்.

இதைச் சொல்லும்போது பிள்ளைகளிடம் கேட்பேன்: "அந்தக் குறிப்பை எழுதியவருக்கு அது முக்கியமானது என்று தெரிந்திருக்குமா?" தெரிந்திருக்காது. வேலைக்கு இடைஞ்சல் என்று எழுதியிருப்பார். ஆனாலும் எழுதி வைத்தார். அறுபது வருடத்துக்குப் பிறகு அது சாட்சியாகிவிட்டது. கல்வெட்டு வெட்டியவனும் எங்களுக்காக வெட்டவில்லைதானே.

இரண்டாவது மூலாதாரம்தான் முக்கியமானது. இதைக் கரும்பலகையின் நடுவில் எழுதுவேன்: 1972.

அமெரிக்காவில் வூட்ஸ் ஹோல் என்ற இடத்தில் பெயர்பெற்ற கடலியல் ஆய்வு நிறுவனம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்த எட்வர்ட் கார்பென்டர், கென்னத் ஸ்மித் இருவரும் அத்திலாந்திக் சமுத்திரத்தின் சர்காசோ கடலில் நுண்ணிய வலை இழுத்தார்கள். அது மிதக்கும் கடற்பாசிக்குப் பேர்போன கடல். கரையிலிருந்து வெகுதூரம். அந்த வலையில் பாசியோடு சேர்ந்து சின்னச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளும் வந்தன. எண்ணினார்கள். சராசரியாக ஒரு சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 3,500 துண்டுகள். அவற்றில் உருண்டை வடிவ மணிகளும் இருந்தன. பிளாஸ்டிக் உற்பத்தி கூடக்கூட, கழிவை இப்படியே கொட்டிவந்தால், கடலில் இதுவும் கூடும் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதினார்கள். அதே வருடம் கார்பென்டரும் வேறு சிலரும் இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்கக் கரையோர நீரில் பொலிஸ்டைரின் மணிகள் மிதப்பதையும் மீன்களின் வயிற்றில் அவை இருப்பதையும் அதில் சொன்னார்கள். இரண்டு கட்டுரையும் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்தன. யாருக்கும் தெரியாத மூலையில் வந்த செய்தி அல்ல.

இந்த மணி என்ன என்று இங்கே விளக்க வேண்டும். கதிரை, வாளி, யோகட் கப் என எதைச் செய்வதென்றாலும் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் இந்த மணி வடிவில்தான் போகிறது. ஆங்கிலத்தில் இதற்கு நர்டில் என்று பெயர். இதை உருக்கி அச்சில் ஊற்றுவார்கள். அதனால் இது எவரும் பாவித்து வீசிய குப்பை அல்ல. இன்னும் ஒரு பொருளாகவே ஆகாத பிளாஸ்டிக். வீட்டில் இருக்காது, கடையில் கிடைக்காது. ஒரு பிள்ளை இதைக் கடலில் வீச விரும்பினாலும் வீச வழியில்லை.

இந்த இடத்தில் வகுப்பு கொஞ்சம் அமைதியாகும்.

கரும்பலகையில் 1972க்குக் கீழே 2021 என்று எழுதிக் கழிக்கச் சொல்வேன். 49. போன வருடம் ஒரு பிள்ளை சொன்னாள்: "அப்ப எங்கட வாப்பா பொறக்க முந்தியே தெரிஞ்சிருக்கே டீச்சர். இவ்வளவு காலமும் என்ன செஞ்சாங்க?"

என்ன செய்தார்கள் என்பதுதான் மூன்றாவது பாடம்.

1978இல் நியூசிலாந்தின் முறே கிரெகரி என்ற புவியியலாளர் தன் நாட்டுக் கடற்கரைகளில் இதே மணிகள் குவிந்திருப்பதை எழுதினார். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு நிறுவனம் இந்த மணிகள் எங்கே சிந்துகின்றன என்று ஆராய்ந்தது. தொழிற்சாலையில், ஏற்றி இறக்கும் இடத்தில், கொண்டு போகும் வழியில் என்று கண்டது. சிந்தாமல் கையாளும் முறைகளையும் பரிந்துரைத்தது. அந்தத் தொழிற்துறையும் தானாக முன்வந்து கடைப்பிடிக்கும் ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. தானாக முன்வந்து என்ற சொல்லுக்குக் கீழே கோடு போடச் சொல்வேன். விரும்பினால் செய்யலாம், செய்யாவிட்டால் கேட்பாரில்லை என்பது அதன் பொருள்.

சட்டம் வரவில்லையா என்று கேட்பார்கள். வந்தது. கப்பல்களிலிருந்து பிளாஸ்டிக் குப்பையைக் கடலில் கொட்டக்கூடாது என்ற சர்வதேச விதி 1988 டிசம்பர் 31இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது குப்பைக்கான விதி. கொள்கலனில் போகும் மணி குப்பை அல்ல, சரக்கு. விபத்தில் சரக்கு கடலில் விழுந்தால் அந்த விதியால் பிடிக்க முடியாது.

ஜப்பானில் டோக்கியோ விவசாய, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹிதேஷிகே தகாடாவும் அவரது குழுவும் 2001இல் இன்னொன்றைக் காட்டினார்கள். இந்த மணி கடலில் சும்மா மிதப்பதில்லை. நீரில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் பழைய நச்சு இரசாயனங்களைப் பஞ்சு போல இழுத்துத் தன்மேல் சேர்த்துக்கொள்கிறது. மணியில் சேர்ந்த அளவு, சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிடப் பல இலட்சம் மடங்கு வரை இருந்தது.

2005இல் தகாடா செய்த வேலை பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். உலகெங்குமுள்ள சாதாரண மக்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: உங்கள் கடற்கரையில் இந்த மணிகளைப் பொறுக்கி, ஒரு கடித உறையில் போட்டு எனக்குத் தபாலில் அனுப்புங்கள். மக்கள் அனுப்பினார்கள். ஆய்வுக் கப்பல் இல்லாமல், கோடிக்கணக்கான பணம் இல்லாமல், தபால் உறைகளை வைத்தே உலகக் கடல்களின் நச்சு வரைபடம் ஒன்று உருவானது.

2004இல் பிளிமத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தொம்சன் ஹார்டியின் கருவி சேகரித்த பழைய பட்டுத் துணிகளை எடுத்துப் பார்த்தார். 1960களின் துணியிலேயே நுண்ணிய பிளாஸ்டிக் இருந்தது. பிந்திய காலத் துணிகளில் அது கூடியிருந்தது. மைக்ரோபிளாஸ்டிக் என்ற சொல் உலகெங்கும் பரவியது அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான். பிளாங்டனுக்காக இழுத்த வலை, யாரும் கேட்காத ஒரு கேள்விக்கான பதிலை நாற்பது வருடமாக அலுமாரியில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அறிவு இப்படி வளர்ந்துகொண்டிருக்க, உற்பத்தி அதைவிட வேகமாக வளர்ந்தது. 1950இல் உலகில் ஒரு வருடத்துக்குச் செய்த பிளாஸ்டிக் ஏறத்தாழ 2 மில்லியன் தொன். 2015இல் 380 மில்லியன் தொன். அதுவரை கழிவாகிப்போன பிளாஸ்டிக்கில் மீள்சுழற்சி செய்யப்பட்டது 9 சதவீதம் மட்டுமே என்று 2017இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

விபத்துகளும் நடந்தன. 2012இல் ஒரு சூறாவளியில் ஹொங்கொங் அருகே கொள்கலன்கள் விழுந்து ஏறத்தாழ 150 தொன் மணி கடலில் போனது. ஊர் மக்கள் சல்லடையோடு கரைக்கு வந்தார்கள். 2017 ஒக்டோபரில் தென்னாபிரிக்காவின் டேர்பன் துறைமுகத்தில் புயல் அடித்து 49 தொன் போனது.

அடுத்தது நாங்கள்.

எக்ஸ்பிரஸ் பேர்ள், சிங்கப்பூர்க் கொடி பறந்த புதிய கப்பல். 1,486 கொள்கலன்கள். அதில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது. அமிலக் கொள்கலன் ஒன்று கசிவது இங்கே வருவதற்கு முன்பே தெரிந்திருந்தது. கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராவிலும் அதை இறக்கக் கேட்டும் நடக்கவில்லை. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் கப்பலில் தீப் பிடித்தது. 25ஆம் திகதி பெரிய வெடிப்பு. ஜூன் 2ஆம் திகதி கப்பல் தாழத் தொடங்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. சரக்குவ, பமுனுகம, நீர்கொழும்புக் கரைகளில் மணல் தெரியாத அளவுக்குக் குவிந்த காட்சியை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். உலகில் இதுவரை பதிவான பிளாஸ்டிக் மணிக் கசிவுகளில் இதுவே மிகப் பெரியது.

இந்த இடத்தில் ஒரு கணக்குக் கொடுப்பேன். ஒரு மணி ஏறத்தாழ 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோவுக்கு எத்தனை? 50,000. ஒரு தொன்னுக்கு ஐந்து கோடி. 1,680 தொன்னுக்கு? பெருக்கிப் பார்த்து 8,400 கோடி என்று வரும்போது பிள்ளைகள் தங்கள் விடையை நம்ப மாட்டார்கள். இரண்டாம் முறையும் பெருக்கிப் பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்வேன். அந்த நைத்திரிக் அமிலம் சர்வதேச ஆபத்தான சரக்குப் பட்டியலில் இருந்தது. பிளாஸ்டிக் மணி அந்தப் பட்டியலில் இல்லை. 1972இலிருந்து இத்தனை கட்டுரை எழுதிய பிறகும், கப்பலைப் பொறுத்தவரை அது அரிசி, சீனி போல இன்னொரு மூட்டை. எங்கள் கரைக்கு வந்த பிறகுதான் பேச்சு வேகமானது. 2024இல் சர்வதேச கடல்சார் அமைப்பு மணிகளை நல்ல பொதியில் கட்ட வேண்டும், எங்கே இருக்கிறதென்று அடையாளப்படுத்த வேண்டும், இயன்றவரை மேல்தளத்துக்குக் கீழே வைக்க வேண்டும் என்று வழிகாட்டல் வெளியிட்டது. அதுவும் கட்டாயமல்ல. தானாக முன்வந்துதான். பிள்ளைகள் தாங்களாகவே அதற்குக் கீழே கோடு போடுகிறார்கள்.

கடைசி மூலாதாரம் எங்கள் நாட்டுடையது. கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் எங்கள் கரைகளிலிருந்து மாதிரிகளைச் சேகரித்தார். லிஹினி அலுவிஹாரே உட்பட வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து அவற்றை ஆராய்ந்தார்கள். எரியாத வெள்ளை மணி ஒரு பிரச்சினை. எரிந்து கருகி, உருகி ஒட்டிய கட்டிகள் வேறொரு பிரச்சினை. எரிந்த பிளாஸ்டிக்கில் உள்ள இரசாயனக் கலவை எரியாததைவிட மூன்று மடங்கு சிக்கலானது என்று கண்டார்கள். நிறமும் உருவமும் கல்லையும் சிப்பியையும் போல மாறிவிடுவதால் பொறுக்குவதும் கஷ்டம். அந்தக் கட்டுரை 2021 முடிவதற்குள்ளேயே வெளியானது.

அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்களில் பலர் எந்த நிறுவனத்தவர் தெரியுமா? வூட்ஸ் ஹோல். 1972இல் சர்காசோ கடலில் வலை இழுத்தவர்களின் அதே நிறுவனம். கரும்பலகையின் ஒரு மூலையில் 1972, மறு மூலையில் 2021. இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்துவிட்டுச் சோக்கைக் கீழே வைப்பேன்.

ஆக, அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில்: இல்லை மகன், அது நாங்கள் போட்டதல்ல. அது எங்கிருந்து வந்தது, யார் ஏற்றினார்கள், எந்த விதியின் ஓட்டையால் எங்கள் கரைக்கு வந்தது என்று பெயரும் திகதியும் சொல்லலாம். 2025 ஜூலையில் எங்கள் உயர் நீதிமன்றமும் விசாரித்து, கப்பல் தரப்பு நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. "எல்லாரும்தான் பொறுப்பு" என்று நான் சொன்னபோது, பொறுப்பானவர்களை அந்த "எல்லாருக்குள்ளும்" நான் ஒளித்து வைத்துவிட்டேன். ஒரு மீன் வியாபாரியின் மகன் மேல் அவர்களுடைய சுமையில் ஒரு பங்கை ஏற்றியும் விட்டேன்.

இப்படிச் சொன்னால் பிள்ளைகள் தங்கள் குப்பையை மறந்துவிட மாட்டார்களா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் அடுத்த பாடவேளையை எங்களைப் பற்றியே வைக்கிறேன்.

2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு 192 கரையோர நாடுகளைக் கணக்கிட்டது. 2010இல் மட்டும் நிலத்திலிருந்து கடலுக்குப் போன பிளாஸ்டிக் 4.8 முதல் 12.7 மில்லியன் தொன் வரை இருக்கும் என்றது. சரியாகக் கையாளப்படாத பிளாஸ்டிக் கழிவின் பட்டியலில் எங்கள் சின்னத் தீவு ஐந்தாம் இடம். இது மதிப்பீடுதான். ஆனாலும் வெட்கப்பட வேண்டிய இடம். 2017 ஏப்ரல் 14இல் மீத்தொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது சித்திரைப் புத்தாண்டு நாள். அந்த வருடம் செப்டெம்பர் 1 முதல் லன்ச் ஷீட்டுக்கும் மெல்லிய பொலித்தீனுக்கும் தடை வந்தது. இப்போது உங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் போய்ப் பாருங்கள். வலீமா, கத்தம் வீட்டில் சஹன் கழுவும் இடத்துக்குப் பின்னால் பாருங்கள். தண்ணீர்ப் போத்தல் எத்தனை, சொப்பிங் பேக் எத்தனை? இது நாங்கள் போட்டதுதான். இதற்கு எந்தக் கப்பலையும் சாட்டுச் சொல்ல முடியாது.

பிள்ளைகள் இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுகிறார்கள். எது எங்களுடையது, எது எங்கள் மேல் வந்து விழுந்தது. எங்களுடையதை நிறுத்துவோம். விழுந்ததற்குக் கணக்குக் கேட்போம். அழுகின்ற ஆமைப் படத்தில் இந்த இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இதற்காக நாங்கள் செய்வது ஒரு சின்ன வேலை. அதிபரிடமும் பெற்றோரிடமும் அனுமதி வாங்கி, கையுறை போட்டு, வருடத்தில் இரண்டு தரம் கரைக்குப் போவோம். முன்பும் சிரமதானத்துக்குப் போயிருக்கிறோம். மூட்டை கட்டி, படம் எடுத்து, வந்துவிடுவோம். இப்போது எண்ணுகிறோம். ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலத்தில் கயிற்றால் சதுரம் போட்டு, மேல் மணலை வாரி உப்புத் தண்ணீர் வாளியில் போட்டால் மணல் அடியில் போகும், மணி மிதக்கும். வெள்ளை எத்தனை, மஞ்சளானது எத்தனை, கருகியது எத்தனை, மூடி எத்தனை, பக்கெட் துண்டு எத்தனை என்று கொப்பியில் எழுதுகிறோம். திகதி, இடம், வற்றா பெருக்கா என்பதும் எழுதுகிறோம். ஒரு சதுரத்தில் ஒன்றுமே இருக்காது. இரண்டடி தள்ளி எண்ணி முடியாது. கொஞ்சம் தோண்டினால் மணலுக்குள் வெள்ளையாக ஒரு படை தெரியும் இடமும் உண்டு. அகழ்வாராய்ச்சிப் பாடத்தில் மண்படை என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையே இல்லாமல் போய்விட்டது.

எண்ணுவதால் என்ன பிரயோசனம் என்று கேட்டால் டெக்சாஸ் கதையைச் சொல்வேன். 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லின்டா மரானிஸ், கத்தி ஓஹாரா என்ற இரண்டு பெண்கள் ஒரு கடற்கரைச் சிரமதானம் ஏற்பாடு செய்தார்கள். 2,800 பேர் வந்தார்கள். அந்த இரண்டு பெண்களும் கூடுதலாக ஒரு வேலை வைத்தார்கள்: பொறுக்கும் ஒவ்வொன்றையும் அட்டையில் குறிக்க வேண்டும். இன்று செப்டெம்பர் மாதத்தில் உலகெங்கும், எங்கள் நாட்டிலும், நடக்கும் சர்வதேச கடற்கரைத் தூய்மைப்படுத்தல் அதிலிருந்து வந்தது. மூட்டை குப்பைமேட்டுக்குப் போய்விடும். அட்டை சாட்சியாக நிற்கும்.

அந்தக் கப்பல் பதிவேட்டில் 1957ஆம் ஆண்டுக் குறிப்பை எழுதியவரைப் போல, எங்கள் பிள்ளைகளும் தங்கள் காலத்து மூலாதாரத்தை எழுதுகிறார்கள். அவர்களின் கொப்பிகளை நான் அலுமாரியில் பூட்டி வைக்கிறேன். வருட முடிவில் பழைய கொப்பிகளை நிறுத்து விற்பது வழக்கம். இவற்றை விற்பதில்லை. இது அமானிதம்.

இனி அந்தப் பிள்ளை.

அவன் இப்போது உயர்தரம் படிக்கிறான். சில மாதங்களுக்கு முன் ஒரு சான்றிதழுக்குக் கையெழுத்து வாங்க வந்தான். அலுவலக வாசலில் நிறுத்தி வைத்தே சொன்னேன்: "மகன், 2021இல நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க. நான் பிழையான பதில் சொல்லிட்டேன்." அவனுக்கு ஞாபகமே இல்லை. சிரித்தான். நான் சரியான பதிலைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவன் கடைசியில் சொன்னான்: "அந்தக் காலம் வாப்பா வீட்டில சும்மா இருந்தது மட்டும்தான் டீச்சர் எனக்கு ஞாபகம்."

ஒரு பிள்ளையின் ஞாபகத்தில் அந்தக் கப்பல் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதையும் இந்த வருடக் கொப்பியில் எழுதச் சொல்லப் போகிறேன், இன்ஷா அல்லாஹ். அந்த நாட்களில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது, எத்தனை நாள் மீன் விற்கவில்லை, எப்படிச் சமாளித்தீர்கள் என்று வாப்பாமாரிடம், உம்மாமாரிடம் கேட்டு எழுதுங்கள் என்று. மணியின் கணக்கை விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள். இந்தக் கணக்கை நாங்கள்தான் எழுத வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த ஜூன் 5க்குச் சித்திரப் போட்டி வைத்தால், கையில் போத்தலோடு நிற்கும் அந்தச் சீருடைப் பையனுக்குப் பக்கத்தில் கப்பலையும் தொழிற்சாலையையும் வரைய இடமிருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கொப்பியோடு எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையையும் வரையலாம் என்று சொல்லுங்கள்.

 கரையோரப் பாடசாலைகளில் யாராவது இப்படி எண்ணிப் பதிகிறீர்களானால் கீழே சொல்லுங்கள். எங்கள் கொப்பிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.